ஒரு மைக், ஒரு நடத்துநர், இரண்டு விமர்சகர்கள்: மெர்க்குரி எம்.ஜி. 50000 பெற்ற வரவேற்பு

1951 ஏப்ரல் மாதக் கடைசியில் சிகாகோ நகரின் ஆர்க்கெஸ்ட்ரா ஹாலில், நடத்துநரின் மேடைக்கு மேலே சுமார் 25 அடி உயரத்தில் ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டார்கள். டெலிஃபுங்கன் பெயரில் விற்பனையான நாய்மன் யூ-47 அது. கீழே சிகாகோ சிம்பொனி இசைக்குழு. நடத்துநர் ராஃபேல் குபெலிக். முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதி, 1922இல் ராவெல் முழு இசைக்குழுவுக்கு மாற்றியமைத்த 'ஓவியக் கண்காட்சி' அன்று பதிவானது. மெர்க்குரி என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை எம்.ஜி. 50000 என்ற எண்ணில், நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டாக வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஹோவர்ட் டாப்மன் அதற்கு விமர்சனம் எழுதினார். இதைக் கேட்பது இசைக்குழுவின் உயிருள்ள முன்னிலையில் இருப்பதைப் போன்றது என்பது அவர் கருத்து. மெர்க்குரி அந்தச் சொற்களையே எடுத்துத் தன் செவ்வியல் பதிவு வரிசைக்கு 'லிவிங் பிரசன்ஸ்' என்று பெயர் சூட்டிவிட்டது. நாளிதழ் விமர்சனத்தின் சொற்கள் ஒரு பதிவு வரிசைக்கே பெயராகி எழுபது ஆண்டுகளுக்கு மேல் புழங்கிவருவது அபூர்வம்.

அந்தப் பெயர் உறைகளில் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், சிகாகோவில் குபெலிக்கின் பதவி ஆட்டம் கண்டிருந்தது. 1950இல் இசை இயக்குநராகப் பொறுப்பேற்றவர் 1953இல் வெளியேறினார். வெளியேறியதற்குக் காரணங்கள் பல என்றாலும், உரத்து ஒலித்த காரணம் சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் இசை, நாடக விமர்சகர் கிளாடியா காசிடி. குபெலிக்கின் கச்சேரிகளை அவர் விடாமல் தாக்கி எழுதினார். ஒரே நடத்துநர், ஒரே இசைக்குழு, ஒரே அரங்கம். அரங்கில் உட்கார்ந்து கேட்டவர் விரட்டினார். நியூயார்க்கில் தட்டில் கேட்டவர் கொண்டாடினார். செவ்வியல் இசைப் பதிவுகளின் ஒலித்தரம் பற்றி நாம் படிக்கும் விமர்சனங்கள் எதை அளக்கின்றன என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டின் ஒலிக்குக் கிடைத்த பாராட்டு பெரும்பகுதி குபெலிக்குக்கும் அவருடைய வாத்தியக்காரர்களுக்கும் உரியது. உயர்தர ஒலிக்கருவிகளைக் கொண்டாடும் ஹை-ஃபை உலகம் அதை மைக்கின் கணக்கில் மட்டும் வரவு வைத்துக்கொண்டது. அந்தப் பிழையான கணக்கு இன்றும் தொடர்கிறது.

சிகாகோவில் நடந்தது

குபெலிக் 1914இல் பொஹீமியாவில் பிறந்தவர். உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் யான் குபெலிக்கின் மகன். 1948இல் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் நாட்டைவிட்டு வெளியேறினார். சிகாகோவுக்கு வந்தபோது அவருக்கு வயது 36. நிகழ்ச்சிகளில் சமகாலப் படைப்புகளை நிறையச் சேர்த்தார். ஒத்திகைகளில் கறாராக இருந்தார். பழகிய படைப்புகளைப் பழகிய விதத்தில் கேட்க வந்த சந்தாதாரர்களில் ஒரு பகுதியினருக்கும் நிர்வாகக் குழுவினர் சிலருக்கும் இது பிடிக்கவில்லை.

காசிடியை வெறும் வில்லியாகக் காட்டுவது நியாயமாகாது. 1944 கடைசியில் டென்னசி வில்லியம்ஸ் என்ற புதிய நாடகாசிரியரின் படைப்பு சிகாகோவில் ஆளில்லாமல் தத்தளித்தபோது, திரும்பத் திரும்ப எழுதி அதற்குக் கூட்டம் சேர்த்தவர் அவர். அவருக்குக் கூர்மையான ரசனை இருந்தது. எழுத்தில் வேகம் இருந்தது. ஆனால் இசை நடத்துநர்கள் விஷயத்தில் அவருடைய கை கனமாக விழுந்தது. குபெலிக்குக்கு முன்னால் இருந்த டெஸிரே டெஃபோவும், பிற்பாடு வந்த ஜான் மார்டினோவும் அதே பேனாவுக்கு ஆளானவர்கள்.

நாளிதழ் விமர்சகரின் தீர்ப்புக்கு அன்றுவரை மேல்முறையீடு கிடையாது. வியாழக்கிழமை இரவு வாசித்தது வெள்ளிக்கிழமை காலை இல்லை. அரங்கில் இல்லாதவர்களுக்குப் பத்திரிகையில் வந்ததே நடந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியதும், ஒலிநாடாவில் பதிவுசெய்வது பரவலானதும் இதை மாற்றின. நிமிடத்துக்கு 78 முறை சுழன்று, பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் மட்டும் ஓடிய பழைய தட்டில் ஒரு நடத்துநரின் நீண்ட மூச்சை எடைபோடுவது கடினம். எல்.பி.யில் ஒரு படைப்பின் பாதியை, சில வேளைகளில் முழுவதையும், இடையறாமல் கேட்கலாம். சிகாகோவைப் பார்த்தே இராத ஒருவர் குபெலிக்கைப் பற்றிச் சொந்தமாகத் தீர்ப்பு எழுதக்கூடிய நிலை முதல்முறையாக வந்தது.

ஒற்றை மைக்கின் கீழே

மெர்க்குரியின் செவ்வியல் பிரிவுக்கு அப்போது இசைப் பொறுப்பாளர் டேவிட் ஹால். ஒலிப்பொறியாளர் ராபர்ட் ஃபைன். 1950இல் நிறுவனத்தில் சேர்ந்த வில்மா கோஸார்ட், அதற்கு முன் நடத்துநர் அந்தால் தொராத்தியிடம் செயலராக இருந்து இசைக்குழுக்களின் உள்விவகாரங்களை நன்கு அறிந்தவர். 1954இல் துணைத் தலைவரானார். 1957இல் ஃபைனும் கோஸார்டும் திருமணம் செய்துகொண்டார்கள்.

ஃபைனின் முறையைச் சொல்வது எளிது, செய்வது கடினம். மைக்கைத் தொங்கவிட்டு, அதன் இடத்தை அங்குலம் அங்குலமாக மாற்றி, இசைக்குழு முழுவதும் ஒழுங்காகக் கேட்கும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு படைப்பின் மிக உரத்த பகுதியை வாசிக்கச் சொல்லி, நாடா தாங்கும் எல்லைக்குள் அளவை வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் குமிழில் கை வைப்பதில்லை. மெல்லிய பகுதி வந்தால் ஏற்றுவதில்லை, உரத்த பகுதி வந்தால் இறக்குவதில்லை. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவிகளும் கிடையாது.

இதன் விளைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பல மைக்குகளை வைத்துப் பதிவுசெய்தால், ஓபோ என்ற மரக்குழல் அமுங்கினால் பொறியாளர் ஓபோவின் மைக்கை ஏற்றிவிடலாம். ஒற்றை மைக்கில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஓபோ அமுங்கினால் நடத்துநர்தான் டிரம்போன்களை அடக்கச் சொல்ல வேண்டும், அல்லது வயலின்களின் வில்லழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தட்டில் கேட்கும் சமநிலை முழுக்க மேடையில் உண்டாக்கப்பட்டது. மைக் அதற்குச் சாட்சி மட்டுமே.

'பிட்லோ' பகுதியை எடுத்துக்கொள்வோம். மாட்டுவண்டி ஒன்று தொலைவிலிருந்து நெருங்கி வந்து, கடந்து, மறைகிறது. முசோர்க்ஸ்கியின் கையெழுத்துப் படியில் இந்தப் பகுதி எடுத்த எடுப்பிலேயே உரக்கத் தொடங்குகிறது. ராவெல் மெல்லத் தொடங்கி ஏறி இறங்கும் வடிவத்தையே பின்பற்றினார். டியூபாவின் தனி வாசிப்பு, கீழே செல்லோக்களும் டபுள் பேஸ்களும் இழுத்துக்கொண்டே வரும் கனமான நடை, பிறகு மெல்ல மெல்ல மற்ற வாத்தியங்களும் சேர்வது. அன்றைய வழக்கப்படி பொறியாளர் குமிழைத் திருகியிருந்தால் இந்த ஏற்றம் பாதி அவருடையதாக ஆகியிருக்கும். இந்தப் பதிவில் ஒவ்வொரு படியும் குபெலிக்கின் கையசைவில் வந்தது. வாத்தியக்காரர்கள் அனைவரும் ஒரே சரிவில் ஏறுகிறார்கள், எங்கும் தாவாமல். மூன்று நிமிடம் கூட ஓடாத இந்தப் பகுதி ஒன்றே போதும், அவருக்கு இசைக்குழுவைக் கட்டியாளத் தெரியவில்லை என்ற பேச்சை நான் ஒதுக்குவதற்கு.

தட்டின் தொடக்கத்தில் வரும் டிரம்பெட் அடால்ஃப் ஹெர்செத்துடையது. 1948இல் சிகாகோவின் முதன்மை டிரம்பெட் கலைஞராகி, 2001 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். துணையின்றித் தனியாக ஒலிக்கும் அந்த முதல் வரியில் டிரம்பெட் மட்டும் கேட்பதில்லை. அதற்குப் பின்னாலுள்ள வெற்று அரங்கமும் கேட்கிறது. ஒவ்வொரு சுரமும் முடிந்தபின் அரங்கம் அதை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பது தெளிவாகிறது. 'கல்லறைகள்' பகுதியில் பித்தளை வாத்தியங்களின் கூட்டொலிகள் உரத்தும் தணிந்தும் மாறிமாறி வரும்போது, அந்த எதிரொலி மறையும்வரை குபெலிக் காத்திருக்கிறார். அரங்கத்தையும் ஒரு வாத்தியமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு நடத்துபவரால்தான் இது முடியும். அந்த அரங்கின் இயல்பு 1966இல் செய்த புதுப்பிப்பில் மாறிவிட்டது. ஆகவே இந்தப் பதிவு ஒரு கட்டடத்தின் பழைய குரலுக்கும் ஆவணம்.

டாப்மன் உணர்ந்த முன்னிலை இவ்வளவும் சேர்ந்தது. மோனோ பதிவு அது, இடம் வலம் கிடையாது. ஆனாலும் முன்பின் ஆழம் இருந்தது. வயலின்களுக்குப் பின்னால் மரக்குழல்கள், அவற்றுக்குப் பின்னால் பித்தளை, எல்லாவற்றுக்கும் பின்னால் முரசுகள்.

எல்லோரும் ஒரே தட்டைக் கேட்கவில்லை

அந்நாளைய விமர்சனங்களைப் படிப்பவர்கள் மறந்துவிடும் ஒரு தொழில்நுட்ப விவரம் இருக்கிறது. எல்.பி. வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். கேட்கும் கருவி அதை நேரெதிராகத் திருத்தித் தரும். இந்தத் திருத்த அளவுக்கு அமெரிக்காவில் பொதுத் தரம் 1954 வாக்கில்தான் வந்தது. 1951இல் மெர்க்குரி ஒலிப்பொறியாளர் சங்கத்தின் (ஏ.ஈ.எஸ்.) அளவைப் பின்பற்றியது, கொலம்பியா தனக்கென ஓர் அளவை வைத்திருந்தது. பெருக்கியின் குமிழைத் தவறான அளவில் வைத்துக் கேட்டவருக்கு வயலின்கள் மங்கியோ கூர்ந்தோ கேட்டிருக்கும். நல்ல கருவியும் பொறுமையும் உள்ள விமர்சகர் கேட்ட தட்டும், வரவேற்பறை வானொலிப் பெட்டியோடு இணைத்த பிளேயரில் கேட்டவரின் தட்டும் காதுக்கு வேறு வேறு.

மெர்க்குரி பதிவுகள் மீது அன்றுமுதல் இன்றுவரை உள்ள முக்கியக் குறை, மேல்ஸ்தாயி வயலின்கள் காதைக் குத்துகின்றன என்பது. இதில் உண்மை உண்டு. குறிப்பாக மினியாபொலிஸின் நார்த்ரப் அரங்கில் தொராத்தி செய்த பதிவுகள் வறண்டும் கூர்மையாகவும் ஒலிக்கின்றன. அந்த அரங்கின் இயல்பு அப்படி. அதை மறைக்க ஃபைன் செயற்கை எதிரொலி எதையும் சேர்க்கவில்லை. அரங்கத்தைப் பழிக்கலாம், பதிவைப் பழிப்பவர்கள், அது மறைக்காமல் சொன்ன உண்மைக்காகப் பழிக்கிறார்கள்.

பீரங்கி வந்த பிறகு

1954இல் மெர்க்குரி சாய்கோவ்ஸ்கியின் '1812' முன்னிசையைத் தொராத்தியின் மினியாபொலிஸ் இசைக்குழுவோடு பதிவுசெய்தது. இசைக் குறிப்பில் பீரங்கியும் தேவாலய மணிகளும் இருக்கின்றன. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியிலிருந்த பழைய வெண்கலப் பீரங்கியை வெடிக்கவைத்துப் பதிவுசெய்தார்கள். மணியோசைக்கு யேல் பல்கலைக்கழகத்தின் ஹார்க்னெஸ் கோபுரம். இசை விமர்சகரும் இசையமைப்பாளருமான டீம்ஸ் டெய்லர், இவையெல்லாம் எப்படிப் பதிவாயின என்று தட்டிலேயே விளக்கிப் பேசினார். 1958இல் ஸ்டீரியோவில் மறுபடி செய்தார்கள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

வரவேற்பின் திசை மாறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். பீரங்கிக்காக வாங்கப்பட்ட தட்டில் தொராத்தி எப்படி நடத்துகிறார் என்பது இரண்டாம் கேள்வியாகிவிட்டது. அக்கம்பக்கத்தாரை அழைத்து ஸ்பீக்கரின் வலிமையைக் காட்டும் தட்டு என்ற ஒரு வகை உருவானது. அதைச் செய்துகாட்டிய அதே கைகள்தான் நவீன இசையமைப்பாளர்களான பார்டோக்கையும் ஷூன்பெர்க்கையும் ஹிண்டமித்தையும் குபெலிக்கின் தலைமையில் பதிவுசெய்து, அமெரிக்காவில் அரிதாகவே கிடைத்த படைப்புகளை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. விற்பனைக் கணக்கில் பீரங்கி வென்றது. வணிகத்தில் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 1952 கடைசியில் குபெலிக் சிகாகோவில் பதிவுசெய்த, செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தானாவின் 'என் தாய்நாடு' முழுத் தொகுப்பு, நாட்டை இழந்த ஒருவர் நாட்டைப் பற்றிய இசையை நடத்துவது, அது பெற்ற கவனத்தைவிடப் பல மடங்கு கவனத்துக்குத் தகுதியானது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை.

பின்னர் வாசிப்பு வேறு, ஒலி வேறு என்ற பிளவு பத்திரிகைகளிலும் அச்சேறியது. 1958இல் தொடங்கி, பின்பு 'ஸ்டீரியோ ரிவ்யூ' ஆன இதழ் ஒவ்வொரு தட்டுக்கும் வாசிப்புக்கு ஒரு மதிப்பீடும் ஒலிப்பதிவுக்கு ஒரு மதிப்பீடும் தனித்தனியாகத் தந்தது. வாங்குபவருக்கு அது வசதி. ஆனால் எம்.ஜி. 50000 போன்ற ஒரு தட்டை இந்த இரண்டு கட்டங்களில் எப்படிப் பிரித்துப் போடுவது? டியூபாவின் ஏற்றம் எந்தக் கட்டத்தில் சேரும்?

மெர்க்குரியின் பிற்கால வரலாற்றை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1955 முதல் மூன்று மைக், மூன்று தட ஸ்டீரியோ. 1961 முதல் 35 மில்லிமீட்டர் காந்தப் படச்சுருள். 1962இல் தங்கள் பதிவு வண்டியோடு மாஸ்கோவுக்கே போய், பைரன் ஜானிஸின் பியானோவைப் பதிவுசெய்தார்கள். 1961இல் நிறுவனம் பிலிப்ஸின் கைக்கு மாறியது. 1964இல் வில்மா விலகினார். சில ஆண்டுகளில் அந்த வரிசை ஓய்ந்தது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1954 மார்ச்சில் அதே ஆர்க்கெஸ்ட்ரா ஹாலில், குபெலிக்குக்கு அடுத்து வந்த ஃபிரிட்ஸ் ரைனரை வைத்து மிகக் குறைந்த மைக்குகளோடு ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனம் செய்த ரிச்சர்ட் ஸ்டிராஸ் பதிவுகள் இன்றும் அளவுகோலாக இருக்கின்றன. அதே ஆர்.சி.ஏ. 1963இல் 'டைனகுரூவ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. வீட்டில் தணித்துக் கேட்பவர்களுக்காகவும் சாதாரண ஊசிகளுக்காகவும் ஒலியை மின்னணு முறையில் முன்கூட்டியே மாற்றி வெட்டுவது அதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டு 'ஸ்டீரியோஃபைல்' இதழைத் தொடங்கியிருந்த ஜே. கோர்டன் ஹோல்ட் அதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். நடத்துநர் உண்டாக்கிய மெல்லொலியையும் பேரொலியையும் ஒரு கருவி திருத்தி எழுதுவதை, ஒலி விமர்சகர் ஒருவர் இசைக்காகவே கண்டித்த தருணம் அது.

பட்டியலும் விலையும்

1973இல் ஹாரி பியர்சன் 'தி அப்சலூட் சவுண்ட்' இதழைத் தொடங்கினார். பெருக்கப்படாத வாத்தியங்கள் உண்மையான அரங்கில் எழுப்பும் ஒலியே அளவுகோல், கருவிகளும் தட்டுகளும் அதோடு ஒப்பிடப்பட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையின்படி அவர் தயாரித்த சிறந்த தட்டுகளின் பட்டியலில் மெர்க்குரி ஸ்டீரியோ தட்டுகள் பல இடம்பெற்றன. தொராத்தி லண்டன் சிம்பொனியோடு பதிவுசெய்த ஸ்டிராவின்ஸ்கியின் 'நெருப்புப் பறவை' அவற்றில் புகழ்பெற்றது. மறந்துபோன தட்டுகளின் விலை பழைய தட்டுக் கடைகளில் எகிறியது. எழுபதுகளில் பிலிப்ஸ் வெளியிட்ட மறுபதிப்புகளில் பழைய தட்டுகளின் உயிர்ப்பு இல்லை என்று ஒலி ரசிகர்கள் குறைபட்டது, அசல் அச்சுகளின் விலையை மேலும் ஏற்றியது.

பியர்சனின் எழுத்தில் இசை மீதான காதல் உண்மையானது. கேட்டதை வாசகரும் கேட்கும்படி எழுதத் தெரிந்தவர். ஆனால் பட்டியலை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனவர்கள் கட்டுரையை விட்டுவிட்டுப் போனார்கள். பட்டியலில் இருக்கிறதா, முதல் அச்சா, என்ன விலை என்பதாகப் பேச்சு சுருங்கியது. வரிசைக்கே பெயர் வாங்கித்தந்த குபெலிக் தட்டு, மோனோ என்பதால் இந்த வேட்டையில் பின்தங்கியது.

1989இல் வில்மா கோஸார்ட் ஃபைன் திரும்ப அழைக்கப்பட்டார். கணவர் 1982இல் இறந்திருந்தார். மூல நாடாக்களைப் பழைய வால்வு ஆம்பெக்ஸ் கருவியில் ஓட்டி, மூன்று தடங்களை இரண்டாக அவரே நேரில் கலந்து, இரைச்சல் நீக்கும் வடிகட்டிகளைப் பயன்படுத்தாமல் குறுந்தகடுகளாக்கினார். டிஜிட்டலில் இசை செத்துப்போகிறது என்று பத்தாண்டுகளாக எழுதிவந்த இதழ்களும் இந்தத் தகடுகளை வரவேற்றன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் மேடையில் என்ன கேட்டது என்பதைத் தன் காதால் அறிந்தவர் கலவை மேசையில் உட்கார்ந்திருந்ததே அந்த வரவேற்புக்கு முதல் காரணம். குபெலிக்கின் 'ஓவியக் கண்காட்சி'யும் பார்டோக்கின் படைப்போடு சேர்ந்து அந்த வரிசையில் வந்தது. 2009இல் வில்மா இறந்த பிறகு வந்த பெரும் தொகுப்புப் பெட்டிகள் அவர் செய்த தகடுகளையே அடித்தளமாகக் கொண்டவை.

குபெலிக் சிகாகோவை விட்டுப் போனதும் லண்டனின் கோவென்ட் கார்டனிலும், 1961 முதல் 1979 வரை மியூனிக்கில் பவேரிய வானொலி இசைக்குழுவிலும் பணிபுரிந்தார். சிகாகோவுக்கும் விருந்தினராகப் பலமுறை வந்து நடத்தினார். 1990இல், 42 ஆண்டுகளுக்குப் பின் நாடு திரும்பி, பிராகில் 'என் தாய்நாடு' நடத்தினார். 1996இல் காலமானார். இன்று அவரைக் குறைத்து மதிப்பிடுபவர் எவருமில்லை. ஆனால் சிகாகோவின் அந்த மூன்று பருவங்களைப் பற்றிப் பேசும்போது இன்னமும் தோல்வி என்ற தொனியே மேலோங்குகிறது. அதே பருவங்களின் தட்டுகளைப் பற்றிப் பேசும்போது மைக்கின் பெயர் முதலில் வருகிறது.

மறுபதிப்புகளுக்கு விமர்சனம் எழுதுபவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஒலிக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடுவதற்கு முன், சமநிலையை யார் உண்டாக்கினார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மைக் எத்தனை, எங்கே இருந்தது, அளவு பதிவின் நடுவே மாற்றப்பட்டதா என்ற விவரங்கள் மெர்க்குரி உறைகளின் பின்பக்கத்தில் அப்போதே அச்சிடப்பட்டன. அவற்றைப் படித்துவிட்டு 'பிட்லோ'வைக் கேட்பவருக்கு, அந்தப் பாராட்டில் குபெலிக்கின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.